பாய்லரின் தண்ணீர் எங்கே போகிறது?

ஊரில் பாய்லர் என்றால் செம்பில் செய்த உயரமான பாத்திரம். நடுக்குழாயில் கரி கனன்றுகொண்டிருக்கும். சுற்றிலும் தண்ணீர் சுடும். பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய். மேலே ஊற்றிய தண்ணீர் கீழே வெந்நீராக வரும், அவ்வளவுதான். பிரிட்டனுக்குக் குடிவந்த நாம், சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டியையும் அதே பெயரால் அழைக்கிறோம். எரிவாயுவை எரித்து ரேடியேட்டர்களுக்கும் குளியலறைக்கும் வெந்நீர் அனுப்பும் அந்தப் பெட்டி, நிற்பதென்றால் கடுங்குளிர் அடிக்கும் காலையாகப் பார்த்துத்தான் நிற்கும்.

ஒரு ஜனவரி காலை ஹாரோவிலிருந்து சித்தி மகள் அழைத்தாள். “அண்ணா, பாய்லர் நின்றுவிட்டது. உள்ளே யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி சத்தம் வந்தது, பிறகு அதுவும் இல்லை.” அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டு ஐந்து பதில்கள் வாங்கியிருந்தாள். பிரஷர் குறைந்திருக்கும் என்றார் ஒரு மாமா. பாய்லரை டிரெயின் செய்ய வேண்டும் என்றார் இன்னொருவர். டிரெயின் அடைத்திருக்கும், சிங்க்கில் அடைப்பு நீக்கும் மருந்தை ஊற்று என்றார் மூன்றாமவர். பத்து வருடமாகிவிட்டது, புதிது வாங்கிவிடு என்பது நான்காவது. ஐந்தாவது, கைகூப்பும் படம்.

காரணம் அவள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி இறங்கும் மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக் குழாய். அதற்குள் பனிக்கட்டி. தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவளே இளக்கினாள். அரைமணி நேரத்தில் வீடு சூடாகத் தொடங்கியது.

நான் பாய்லர் மெக்கானிக் அல்லன். 2010 டிசம்பரில் என் வீட்டு பாய்லரும் இதே போல் நின்றது. பிரிட்டனில் 1910 முதல் உள்ள பதிவுகளில் மிகக் குளிரான டிசம்பர் அது. மூன்று நாள் கம்பளியும் கையுமாகத் திரிந்தபோதுதான் இந்தக் குழாயைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்த பிறகு எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு எளிய விஷயத்தை வீடு வாங்கும்போது யாருமே ஏன் சொல்லவில்லை?

ஒரு சொல், மூன்று குழாய்கள்

குழப்பம் ‘டிரெயின்’ என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. பாய்லரோடு தொடர்புள்ள மூன்று வெவ்வேறு வடிகால்களை அந்த ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம்.

முதலாவது, பாய்லரின் அடியிலிருந்து புறப்படும் பிளாஸ்டிக் குழாய். பெரும்பாலும் வெள்ளை, சில வீடுகளில் சாம்பல் அல்லது கறுப்பு. இந்தக் கட்டுரை முழுக்க முழுக்க அதைப் பற்றித்தான்.

இரண்டாவது, சுவரைத் துளைத்து வெளியே எட்டிப்பார்க்கும் செம்புக் குழாய். இது குக்கரின் பாதுகாப்பு வால்வு மாதிரி. ரேடியேட்டர்களில் சுற்றும் தண்ணீரின் அழுத்தம் வழக்கமாக 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். அது 3 பாரைத் தொட்டால் உள்ளே ஒரு வால்வு திறந்து இந்தச் செம்புக் குழாய் வழியே தண்ணீரை வெளியேற்றிவிடும். நல்ல நிலையில் உள்ள பாய்லரில் இந்தக் குழாய் காய்ந்தே கிடக்க வேண்டும். இதிலிருந்து சொட்டினால், அழுத்தமானி முள்ளும் நாளுக்கு நாள் இறங்கினால், அது வேறு நோய். மெக்கானிக்கை அழைப்பதைத் தவிர நமக்கு அதில் வேலை இல்லை.

மூன்றாவது, வீட்டின் தாழ்வான மூலையில், ஏதோ ஒரு ரேடியேட்டரின் அருகில் இருக்கும் சிறிய திருகு குழாய். ரேடியேட்டர்களில் தேங்கிய கறுப்புத் தண்ணீரை முழுவதுமாக இறக்க அதில் ரப்பர் குழாயை மாட்டுவார்கள். “பாய்லரை டிரெயின் செய்ய வேண்டும்” என்று அந்த மாமா சொன்னது இதைத்தான். குளிரில் நின்றுபோன பாய்லருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆக, பாய்லர் ஒழுகுகிறது, அடைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் எந்தக் குழாய் என்று கேளுங்கள். செம்பா, பிளாஸ்டிக்கா? பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நெருப்பிலிருந்து வரும் தண்ணீர்

பிளாஸ்டிக் குழாயில் போகும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சட்டென்று தோன்றும் பதில்: தண்ணீர்க் குழாயிலிருந்து வந்ததுதான் எங்கோ கசிகிறது. இல்லை. அது எரிவாயு எரிந்ததால் அந்தக் கணத்தில் புதிதாகப் பிறந்த தண்ணீர்.

நெருப்பிலிருந்து தண்ணீரா என்று சிரிக்க வேண்டாம். கேஸ் அடுப்பில் குளிர்ந்த பாத்திரம் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். முதல் அரை நிமிடம் பாத்திரத்தின் வெளிப்புறம் மங்கலாக வியர்த்து, பிறகு காய்ந்துவிடும். பாத்திரம் ஓட்டையோ என்று அம்மா தடவிப் பார்த்ததுண்டு. ஓட்டை இல்லை. அடுப்புத் தீயிலிருந்து எழுந்த நீராவி குளிர்ந்த உலோகத்தில் படிந்தது அது.

இங்கே வீடுகளுக்கு வரும் இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். மீத்தேனில் கார்பனும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. எரியும்போது கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீர் ஆகிறது. ஒரு கன மீட்டர் எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர். குளிர்நாள் ஒன்றில் 8 கன மீட்டர் எரிக்கும் வீட்டில் ஒரு வாளி நிறைய, 12 லிட்டர் பிறக்கிறது. பிறக்கும்போது அது ஆவி. பழைய பாய்லர்களில் அந்த ஆவி முழுவதும் புகையோடு வெளியே போய்விடும், யார் கண்ணிலும் படாது.

இப்போதைய பாய்லர்களில் அந்த ஆவியில் ஒரு பகுதியை உள்ளேயே பிடித்துக் குளிரவைத்துத் தண்ணீராக்கிவிடுகிறார்கள். அப்படிச் சேரும் தண்ணீருக்குக் கண்டென்சேட் என்று பெயர். பிடிபடாத மிச்சம்தான் குளிர்காலக் காலைகளில் வீட்டுச் சுவர்களிலிருந்து வெண்புகையாக எழுகிறது. வந்த புதிதில் அந்தப் புகையைப் பார்த்துத் தீப்பிடித்துவிட்டதென்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் நம்மில் உண்டு. நானும் ஒருவன்.

ஆவியை ஏன் பிடிக்க வேண்டும்?

இட்லிப் பானையின் ஆவி கையில் பட்டவர்களுக்குத் தெரியும், அது வெந்நீரைவிடக் கொடுமையாகச் சுடும். ஆவி தோலைத் தொட்டதும் தண்ணீராக மாறுகிறது. மாறும்போது, தான் ஆவியாவதற்காக வாங்கிக்கொண்ட வெப்பத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவிடுகிறது.

அது எவ்வளவு வெப்பம் என்பதை அடுப்பிலேயே அளக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு வர ஐந்து நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே தீயில் அந்தத் தண்ணீர் முழுவதும் வற்ற அரைமணிக்கு மேல் ஆகும். கொதிக்கவைக்கும் செலவைப் போல ஆறேழு மடங்கு, ஆவியாக்கும் செலவு. வெப்பமானியில் ஒரு டிகிரிகூட ஏற்றாமல் ஆவிக்குள் ஒளிந்திருக்கும் இந்தச் செலவை உள்ளுறை வெப்பம் என்று பள்ளியில் படித்திருப்போம்.

எரிவாயுவுக்கு நாம் கட்டும் பணத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு இந்த ஆவிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பழைய பாய்லர் அதை வானத்துக்குத் தானம் செய்தது. புதிய பாய்லர் புகையை நேரே வெளியே விடாமல், ரேடியேட்டர்களில் சுற்றிக் களைத்துத் திரும்பும் தண்ணீர் ஓடும் உலோகச் சுருள்களின் மேல் படரவிடுகிறது. வெப்பத்தைக் கைமாற்றும் அந்தப் பகுதிதான் வெப்பப் பரிமாற்றி. திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால், புகையிலுள்ள ஆவி சுருளின் மேல் முத்துமுத்தாகப் படியும், ஒளித்துவைத்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். சோற்றுப் பானையின் மூடியில் நீர் கோப்பது போலத்தான். இப்படி வேலை செய்வதற்குக் கண்டென்சிங் பாய்லர் என்று பெயர். 2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாக மாட்டும் எரிவாயு பாய்லர்கள், சில விலக்குகள் தவிர, இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டட விதிகள் சொல்கின்றன.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: எரிவாயு எரிந்தால் ஆவி பிறக்கும், ஆவியைக் குளிரவைத்தால் காசு மிஞ்சும், கூடவே தண்ணீரும் மிஞ்சும், அந்தத் தண்ணீரை எங்காவது கொண்டுபோய்விட வேண்டும். பிளாஸ்டிக் குழாய் சொட்டுகிறது என்றால் பாய்லர் ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

புளிப்பும் பூட்டும்

இந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது. புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதில் கரைவதால் புளித்துப்போயிருக்கும். புளிப்பை அளக்கும் பிஎச் என்ற அளவுகோலில் 3 முதல் 5 வரை. தக்காளிச் சாறும் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. கையில் பட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் செம்பையும் இரும்பையும் வருடக்கணக்கில் மெல்ல அரித்துவிடும். அதனால்தான் மற்ற குழாய்களெல்லாம் செம்பாக இருக்கும் இடத்தில் இது மட்டும் பிளாஸ்டிக். பழைய செம்புக் குழாய்த் துண்டு சும்மாதானே கிடக்கிறது என்று யாராவது இதில் சேர்த்து ஒட்டுப்போட வந்தால் தடுத்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாய்லருக்குள் புகை இருக்கிறது, அதே இடத்திலிருந்துதான் தண்ணீரும் வடிய வேண்டும். வெறும் ஓட்டை போட்டால் தண்ணீரோடு புகையும் வீட்டுக்குள் வந்துவிடும். அந்தப் புகையில், உயிரைக் குடிக்கும் கார்பன் மோனாக்சைடு இருக்கக்கூடும். இதற்கு விடை நம் வாஷ்பேசினுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே குழாய் ஏன் வளைந்திருக்கிறது? வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மேலிருந்து வரும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். சாக்கடை நாற்றத்தால் அதைத் தாண்டி மேலே வர முடியாது. அதே தந்திரம் பாய்லரின் அடியிலும் உண்டு. டிராப் என்று மெக்கானிக்குகள் சொல்லும் இதை நீர்ப்பூட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பூட்டை நாமே கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். கழற்றாதீர்கள். பூட்டில் தண்ணீர் இல்லாமல் மாட்டினாலோ சரியாகப் பொருந்தாமல் போனாலோ, புகையைத் தடுத்து நிற்க எதுவுமில்லை. பாய்லரின் உறைக்குள் கைவைக்கும் வேலையை கேஸ் சேஃப் பதிவு பெற்றவர்தான் செய்ய வேண்டும். எரிவாயு வேலை செய்பவர்களுக்காக, 2009 ஏப்ரலில் பழைய கோர்கி பதிவுக்குப் பதிலாக வந்த பதிவேடு அது. வருபவரிடம் அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கொட்டினால் ஓடும், சொட்டினால் உறையும்

இனி, நின்றுபோகும் கதைக்கு வருவோம். ஆறு உறைய நாள்கணக்கில் குளிர் வேண்டும். இந்தக் குழாய் ஒரே இரவில் உறைந்துவிடுகிறது. காரணம் தண்ணீர் வரும் விதம்.

மெழுகுவர்த்தியிலிருந்து வழியும் மெழுகைப் பாருங்கள். ஒவ்வொரு துளியும் கொஞ்ச தூரம் ஓடி நிற்கும். அடுத்த துளி அதன்மேல் ஏறிக் கெட்டியாகும். கொஞ்ச நேரத்தில் ஒரு தடித்த தூண். குளிர்ந்த குழாய்க்குள் கண்டென்சேட் செய்வது இதையேதான். பாய்லரை விட்டுப் புறப்படும்போது அது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். சொட்டுச் சொட்டாக, குழாயின் அடியில் மெல்லிய படலமாக ஊர்ந்து போவதால், வெளிச்சுவரைத் தாண்டியதுமே சூட்டையெல்லாம் இழந்துவிடுகிறது. முதல் துளி குழாயின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு உறையும். அடுத்தது அதன்மேல். விடிவதற்குள் குழாயின் வாய் மூடிவிடும். கடுங்குளிர் இரவில் பாய்லர் அதிகமாக ஓடுவதால் சொட்டுகளுக்கும் பஞ்சமிருக்காது.

இதைப் புரிந்துகொண்ட சில தயாரிப்பாளர்கள் நீர்ப்பூட்டோடு ஒரு சைஃபனைச் சேர்த்திருக்கிறார்கள். சிரட்டையில் சொட்டுச் சொட்டாகப் பிடித்து, நிறைந்ததும் ஒரேயடியாகக் கவிழ்த்துக் கொட்டுவது மாதிரியான அமைப்பு அது. கொட்டும் தண்ணீர் வேகமாகக் குழாயைக் கடந்து, உறைவதற்குள் சாக்கடையில் விழுந்துவிடும். உங்கள் பாய்லரில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘களக்’ என்று சத்தம் கேட்டு அடங்கினால் அது சைஃபனாக இருக்கலாம். ஓயாமல் கேட்கும் கொப்பளிப்பு வேறு. அது வழி அடைத்துத் தண்ணீர் திரும்பி வருவதன் அறிகுறி.

உறையும் இடங்களைத் தேடுவது கடினமில்லை. வடக்குச் சுவரில் ஓடும் நீண்ட துண்டு, முழங்கை போன்ற வளைவுகள், பிடிகள் கழன்று குழாய் தொய்ந்து தண்ணீர் தேங்கிய இடம், சாக்கடை வாயில் முடியும் முனை. சித்தி மகள் வீட்டில் முனையில்தான். குழாயின் நுனி சாக்கடைக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கே தேங்கிய தண்ணீர் உறைந்து நுனியை மூடிவிட்டது.

பாய்லர் ஏன் தானாக நிற்கிறது?

குழாய் மூடிக்கொண்டாலும் ஆவி படிவது நிற்காது. தண்ணீர் பின்வாங்கி நீர்ப்பூட்டை நிரப்பி, அதற்கு மேலும் ஏறி, வெப்பப் பரிமாற்றியின் அடிப்பகுதியில் தேங்கும். மின்விசிறி தள்ளும் புகை அந்தத் தண்ணீர் வழியே குமிழியிட்டுப் போகத் தொடங்கும். இளநீர் தீர்ந்த பிறகும் உறிஞ்சுகுழாயை இழுத்தால் வரும் சத்தம் அப்போதுதான் பிறக்கிறது. தண்ணீர் இன்னும் ஏறினால் புகைக்குப் போக வழியில்லாமல் தீ திணறும், அணையும். தீ எரிகிறதா என்று கண்காணிக்கும் மின்முனை ‘தீ இல்லை’ என்று சொல்ல, பாய்லர் சில முறை முயன்று பார்த்துவிட்டுத் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். இதற்கு லாக்-அவுட் என்று பெயர்.

திரையில் அப்போது ஒரு குறியீடு வரும். வைலன்ட் பாய்லர்களில் எஃப்.28, வொர்செஸ்டர் பாஷ் பாய்லர்கள் சிலவற்றில் ஈஏ, ஐடியல் பாய்லர்களில் எல்2. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தக் குறியீடுகள் எதுவும் ‘குழாய் உறைந்தது’ என்று சொல்லவில்லை. ‘தீ பற்றவில்லை’ என்று மட்டும்தான் சொல்கின்றன. தீ பற்றாததற்கு எரிவாயு வராமல் போனது முதல் பற்றவைக்கும் மின்முனை தேய்ந்தது வரை பல காரணங்கள் உண்டு. ஆகவே குறியீட்டை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர். நேற்றுவரை நன்றாக ஓடியது. நிற்பதற்கு முன் கொப்பளிக்கும் சத்தம். வெளிச்சுவரில் பிளாஸ்டிக் குழாய். நான்கும் பொருந்தினால் சந்தேகம் குழாயின் மேல் விழ வேண்டும். சமையலறை அடுப்பிலும் எரிவாயு வரவில்லையென்றால் அது விநியோகப் பிரச்சினை. எரிவாயு வாசனை வந்தாலோ, ஒன்றையும் தொடாமல் வெளியே வந்து 0800 111 999 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

மீண்டும் சொல்கிறேன். நின்ற பாய்லர் பெரும்பாலும் செத்த பாய்லர் அல்ல. தண்ணீர் போக வழியில்லை என்பதால் தீயை அணைத்துக்கொண்டு காத்திருக்கிறது. இந்த நிலையில் புதிய பாய்லர் வாங்கச் சொல்பவரை நான் நம்பமாட்டேன், மாமாவாக இருந்தாலும்.

உறைந்ததை இளக்குவது

தரையில் நின்றபடி கைக்கு எட்டும் உயரத்தில் குழாய் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். பனி படிந்த தரையில் ஏணி சாய்த்து ஏறுவது, பாய்லருக்காகக் காலை ஒடித்துக்கொள்வதில் முடியும். மாடியில் உயரத்தில் ஓடும் குழாய் என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கெட்டிலில் கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். உறைந்து இறுகியிருக்கும் பிளாஸ்டிக்கில் திடீரென்று கொதிநீர் பட்டால் விரிசல் விடலாம், காற்றில் சிதறி உங்கள் மேலும் விழலாம். பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீர் கலந்து, குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும். பூவாளி இருந்தால் நல்லது, பரவலாக விழும். வெளிமுனையில் தொடங்கி மெல்ல மேலே போங்கள். மேலே முதலில் இளக்கினால் உருகிய தண்ணீர் கீழே உள்ள கட்டியில் முட்டி மறுபடி உறையும். தண்ணீர் ஊற்ற வசதியில்லாத இடத்தில் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் குழாயோடு கட்டிவைக்கலாம், அல்லது சுடுநீரில் நனைத்த துணிகளைச் சுற்றிச் சுற்றி மாற்றலாம். பெயிண்ட் உரிக்கும் சூட்டுத் துப்பாக்கி, தீப்பந்தம் போன்ற வீரமெல்லாம் வேண்டாம். பிளாஸ்டிக் உருகிவிடும்.

வழி திறந்ததும் முனையிலிருந்து தண்ணீர் ‘சளக்’ என்று கொட்டும், சில சமயம் விரல் நீளப் பனித்துண்டோடு. பிறகு பாய்லரின் ரீசெட் பொத்தானை அதன் கையேடு சொல்கிறபடி அழுத்துங்கள். ஒரு முறையில் பற்றாமல் போகலாம், கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலலாம். இரண்டு மூன்று முறைக்கு மேலும் பூட்டிக்கொண்டால் நிறுத்திவிட்டு ஆளை அழையுங்கள். ஊற்றிய தண்ணீர் நடைபாதையில் கண்ணாடியாக உறையும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒரு பிடி உப்பைத் தூவுங்கள்.

கோடையில் அடைத்தால்

குளிரே இல்லாத மே மாதத்திலும் இதே கொப்பளிப்பு கேட்கலாம். அப்போது பனிக்குப் பதில் அழுக்கு. வெப்பப் பரிமாற்றி அலுமினியக் கலவையில் செய்ததென்றால், புளித்த நீர் அதை மெல்ல மெல்லக் கரைத்து வெளிறிய சேறாக நீர்ப்பூட்டில் கொண்டுவந்து சேர்க்கும். ஆண்டுக்கொருமுறை செய்யும் சர்வீஸில் பூட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்பது இதனால்தான். பாய்லரின் முகத்தைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுபவரிடம், “டிராப்பைக் கழுவினீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள்.

பல வீடுகளில் கண்டென்சேட் குழாயை சமையலறை சிங்க்கின் கழிவுக் குழாயோடு சேர்த்திருப்பார்கள். உறையாமலிருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் நம் சமையலறைகளில் அந்தக் கழிவுக் குழாய் எண்ணெயும் சோற்றுக் கஞ்சியும் படிந்து அடைத்துக்கொள்ளும். சிங்க் மெதுவாக வடிகிறது, பாய்லரும் கொப்பளிக்கிறது என்றால் இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம். அந்த வகையில் வாட்ஸ்அப்பின் மூன்றாம் பதில் முழுக்கத் தவறில்லை. சித்தி மகள் வீட்டுக்குத்தான் பொருந்தவில்லை. சிங்க்கின் வளைவைக் கழற்றிக் கழுவுங்கள். அடைப்பு நீக்கும் மருந்தை பாய்லரின் குழாய்க்குள் மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

நிலத்தடி அறையில் பாய்லர் வைத்தவர்களுக்கு வேறு கவலை. தண்ணீர் மேல்நோக்கித் தானாக ஓடாது என்பதால் அங்கே ஒரு சிறிய பம்ப் வைத்து ஏற்றுவார்கள். அதன் தொட்டியில் ஒரு மிதவை உயரும்போது பம்ப் ஓடும். பம்ப் பழுதானால், முறையாக இணைத்திருந்தால், பாய்லரும் நிற்கும். பாய்லர் நின்ற அன்று அந்த பம்பின் முனகல் சத்தமும் இல்லையென்றால் அங்கே தேடுங்கள்.

திரும்ப உறையாமலிருக்க

முதலில் எல்லோரும் செய்வது, குழாய்க்குப் பஞ்சுறை மாட்டுவது. செய்யுங்கள், வீட்டுக்காரரே செய்யக்கூடிய வேலைதான், மழையும் வெயிலும் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், வளைவுகளையும் மூடுங்கள். ஆனால் போர்வை யாருக்கும் சூடு கொடுப்பதில்லை, உள்ள சூட்டைப் போகாமல் பிடிக்கிறது. மெலிந்த குழாயில் ஊர்ந்து போகும் சொட்டு நீரிடம் பிடித்துவைக்கச் சூடு அதிகம் இல்லை. அதனால் உறை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் அடுத்த குளிரில் மறுபடி அழைத்திருக்கிறார்கள்.

உண்மையான குற்றவாளி பெரும்பாலும் குழாயின் அளவு. வீட்டுக்குள் ஓடப் போதுமான 21.5 மில்லிமீட்டர் குழாயை அப்படியே வெளிச்சுவரிலும் நீட்டிவிடுகிறார்கள். வெளியே போகும் இடத்திலிருந்து 32 மில்லிமீட்டர் கழிவுக் குழாயாக மாற்றினால் உள்வாயின் பரப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடும். பனி அதை அடைக்க அத்தனை நேரமாகும். வெளியே ஓடும் நீளம் மூன்று மீட்டரைத் தாண்டக் கூடாது. மீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் சரிவு வேண்டும். நுனியைச் சாய்வாக வெட்டி, எதையும் தொடாமல் விட வேண்டும். இவை எல்லாம் செய்தும் உறையும் வீடுகளுக்கு, குழாயை ஒட்டி ஓடும் மின்சூட்டுக் கம்பி இருக்கிறது.

எங்கே வேண்டுமானாலும் கொட்டிவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது. புளித்த நீர் என்பதால் மழைநீர் மட்டும் போகும் வடிகாலில் விடக் கூடாது. சாக்கடையே அருகில் இல்லாத வீட்டில் தோட்டத்தில் குழி தோண்டிச் சுண்ணாம்புக் கல் நிரப்பி அதில் விடுவார்கள். கல் புளிப்பைத் தின்றுவிடும்.

வெளியே போகாத குழாய் உறையாது என்பதால், முடிந்தால் அதை வீட்டுக்குள்ளேயே சமையலறைக் கழிவிலோ கழிவறையின் பெருங்குழாயிலோ சேர்ப்பதுதான் எல்லாவற்றிலும் மேல். புதிய பாய்லர் மாட்ட வருபவர்கள் செயல்திறன், உத்தரவாதம், கைபேசியில் இயக்கும் வசதி என்று அரைமணி நேரம் பேசுவார்கள். “கண்டென்சேட் எந்த வழியாகப் போகும்?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பக்கத்தில்தான், சுவரைத் துளைத்துக் கீழே இறக்கிவிடுவோம் என்று பதில் வந்தால் எழுந்துபோய் அந்தச் சுவரை அவரோடு சேர்ந்து பாருங்கள். பேரத்தை அப்போதே வைத்துக்கொள்ளலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதற்காகச் செலவழிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர்-வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, குறுகிய கால வாடகை வீடுகளில் சூடேற்றும் அமைப்பைச் சரியாக வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. “பாய்லர் வேலை செய்யவில்லை” என்று மட்டும் அவருக்கு எழுதினால் யாராவது வந்து ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டுப் போவார். “வெளியே ஓடும் கண்டென்சேட் குழாய் மெலிதாக இருக்கிறது, இந்தக் குளிர்காலத்தில் இரண்டாம் முறையாக உறைந்திருக்கிறது” என்று படத்தோடு எழுதுங்கள். சித்தி மகள் அப்படித்தான் எழுதினாள். மார்ச்சில் ஆள் வந்து குழாயை மாற்றினார்.